வெஸ்பா ஸ்கூட்டர்: வடிவமைப்பு, இன்ஜின், பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1946-ல் வந்த 98 சிசி வெஸ்பா முதல் பிஎக்ஸ் வரையிலான, கையால் கியர் போடும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றிய கேள்விகள் இங்கே உள்ளன. இந்தியாவில் பஜாஜும் எல்எம்எல்லும் செய்தவை இதே குடும்பம் என்பதால், பராமரிப்புப் பகுதியில் பெரும்பாலானது சேத்தக், எல்எம்எல் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

விமானம் செய்த கம்பெனி ஸ்கூட்டருக்கு ஏன் வந்தது?

வேறு வழி இருக்கவில்லை. ரினால்டோ பியாஜியோ 1884-ல் ஜெனோவா பக்கம் தொடங்கிய நிறுவனம் கப்பல் உள்வேலை, ரயில் பெட்டி என்று வளர்ந்து விமானத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் டஸ்கனி மாநிலத்தின் பொன்டெடெரா ஆலை குண்டு வீச்சில் நாசமானது. போர் முடிந்ததும் போர் விமானத்துக்கு ஆர்டர் இல்லை. ஆட்களும் பிரஸ் மெஷின்களும் மட்டும் மிச்சம். ரினால்டோவின் மகன் என்ரிக்கோ பியாஜியோ, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்றார்.

முதலில் ரென்ஸோ ஸ்போல்ட்டி தலைமையில் பியெல்லா ஊரில் எம்பி5 என்ற வண்டி உருவானது. இரண்டு காலுக்கும் நடுவே உடம்பு உயரமாக இருந்ததால், காலைத் தூக்கிப் போட்டுத்தான் உட்கார வேண்டும். என்ரிக்கோவுக்கு அது பிடிக்கவில்லை. வேலை கொராதினோ தஸ்கானியோவிடம் போனது. அவர் ஹெலிகாப்டர் ஆசாமி. அவர் வடிவமைத்த ஹெலிகாப்டர் 1930-லேயே உலக சாதனை படைத்தது. மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. செயின் கிரீஸ் உடுப்பில் ஒட்டும், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு, உட்காருவதும் சுகமில்லை என்பது அவர் வாதம். இந்த ஒவ்வொரு குறைக்கும் பதிலாகத்தான் எம்பி6 பிறந்தது. அதுதான் வெஸ்பா. 1946 ஏப்ரல் 23-ம் தேதி ஃபிளாரன்ஸ் நகரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

அந்த வடிவமைப்பில் அப்படி என்ன புதுமை?

மூன்று விஷயங்கள். ஒன்று, தனி ஃபிரேம் கிடையாது. பிரஸ்ஸில் அடித்த தகடுகளை வெல்டு செய்த உடம்பே ஃபிரேம். இரண்டு, இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ், பின்சக்கரம் நான்கும் ஒரே கட்டாக இருக்கும். நடுவில் செயினே இல்லை. மூன்று, முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஃபோர்க். விமான லேண்டிங் கியரில் பழகிய கை என்பது அதில் தெரியும். சக்கரத்தைக் கார் சக்கரம் மாதிரி பக்கவாட்டில் கழற்றலாம். முன், பின் இரண்டுக்கும் ஒரே சக்கரம், அதனால் ஒரே ஸ்டெப்னி போதும்.

இந்த மூன்றுக்கும் விலையும் உண்டு. உடம்பே ஃபிரேம் என்பதால் துரு பிடித்தால் அழகு போனதோடு நிற்காது, பலமும் போகும். இன்ஜின் முழுக்க வலப்பக்கம் தொங்குவதால் வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். ஒற்றைக் கை ஃபோர்க்கில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். பின்னால் வரும் பழுதுகளில் பாதி இந்த முடிவுகளிலிருந்து கிளைத்தவை.

முதல் வண்டியின் கணக்கு என்ன?

98 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டும் 50 மி.மீ. நிமிடத்துக்கு 4,500 சுற்றில் 3.2 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 60 கி.மீ., மூன்று கியர், 8 அங்குலச் சக்கரம். ஹெட்லைட் மட்கார்டின் மேல் இருந்தது. பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. விலை 55,000 லீரா. 1946-ல் 2,484 வண்டிகள் போயின. பத்து வருடத்தில், 1956-ல், பத்து லட்சமாவது வண்டி வந்துவிட்டது.

எந்த மாற்றம் எந்த மாடலில் வந்தது?

1948-ல் 125 சிசி வந்தபோது பின்பக்கம் ஸ்பிரிங் வந்தது. இன்ஜின் கட்டு முழுவதுமே ஆடும் கையாகிவிட்டது. தொடக்க கால வண்டிகளில் ஹேண்டிலிலிருந்து கியர் பாக்ஸுக்குக் கம்பித் தண்டுகள் போகும். 1950-களின் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு கேபிள் வந்தது.

1955-ல் வந்த 150 ஜிஎஸ்தான் பெரிய தாவல். நான்கு கியர், 10 அங்குலச் சக்கரம், மணிக்கு 100 கி.மீ. ஹெட்லைட்டும் ஹேண்டிலுக்கு ஏறிவிட்டது. பழைய வெஸ்பாவில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம், தினமும் ஓட்டுவதற்கு மட்டும் வேண்டாம்.

தினசரி ஓட்டத்துக்கு முக்கியமான மாற்றம் வெளியே தெரியாதது. 1950-களின் இறுதியில் 150 சிசி வண்டிகளில், பெட்ரோல் கலவையை இன்ஜினுக்குள் விடும் ரோட்டரி வால்வு வந்தது. பெட்ரோலில் கலக்கும் ஆயில் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. புகை குறைந்தது, பிளக் கரி பிடிப்பதும் குறைந்தது.

1972-ல் ராலி 200 எலெக்ட்ரானிக் இக்னிஷனோடு வந்தது. 1977-78-ல் பிஎக்ஸ் வரிசை: புது உடம்பு, அகலமான ஹேண்டில், திருத்திய முன் சஸ்பென்ஷன். 1980-களில் அதில் தனி ஆயில் டேங்க், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் சேர்ந்தன. 1985-ல் வந்த டி5-ல் ஐந்து டிரான்ஸ்ஃபர் போர்ட் (கலவை சிலிண்டருக்குள் ஏறும் வழி) உள்ள அலுமினிய சிலிண்டர். 1998-ல் பிஎக்ஸின் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 2007-ல் பிஎக்ஸை நிறுத்தினார்கள். பிறகு கொஞ்ச காலம் திரும்பக் கொண்டுவந்து, யூரோ 4 மாசு விதி வந்த நேரத்தில் ஒரேயடியாக முடித்தார்கள்.

லார்ஜ் ஃபிரேம், ஸ்மால் ஃபிரேம் என்கிறார்களே?

பக்கவாட்டு மூடிகள் இரண்டும் தனியாகக் கழன்று வந்தால் லார்ஜ் ஃபிரேம். உடம்போடு ஒன்றாக இருந்து, வலப்பக்கம் சின்னக் கதவு மட்டும் திறந்தால் ஸ்மால் ஃபிரேம். 1963-ல் வந்த வெஸ்பா 50-லிருந்து இரண்டாவது வகை தொடங்குகிறது. 50 சிசி வரை நம்பர் பிளேட் தேவையில்லை என்ற இத்தாலியச் சட்டத்தைப் பார்த்துச் செய்தது அது. 1968-ன் பிரிமாவெரா 125-ம் இதே உடம்பின் நீட்சி. இரண்டு குடும்பத்துக்கும் இன்ஜின் வேறு. ஒன்றின் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), கிளட்ச், கியர் மற்றதில் சேராது.

125, 150, 200 எல்லாம் வேறு வேறு இன்ஜினா?

பிஎக்ஸில் ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் 57 மி.மீ.தான். போர் மட்டும் மாறும்: 125-க்கு 52.5, 150-க்கு 57.8, 200-க்கு 66.5. பழைய 150-களில் போரும் 57 என்பதால் 145.45 சிசி வரும். பத்திரத்தில் 145 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 125, 150 இரண்டின் கிராங்க் கேஸும் (கிராங்கைச் சுற்றியிருக்கும் இன்ஜின் உறை) நெருங்கிய உறவு. 200-ன் கேஸ் தனி. அந்த சிலிண்டரை 150-ன் கேஸில் வைக்க முடியாது. பிளக்கும் வேறு: 125, 150-க்குக் குட்டை மரை, 200-க்கு நீள மரை. நீள பிளக்கை 150-ல் போட்டால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

பஜாஜ், எல்எம்எல் பாகங்கள் இத்தாலிய வண்டிக்குச் சேருமா?

நிறைய சேரும், எல்லாம் சேராது. பஜாஜ் 1960-களின் தொடக்கத்திலிருந்து பியாஜியோ உரிமத்தில் வெஸ்பா 150 செய்தது. 1971-ல் உரிமம் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த சேத்தக், வெஸ்பா ஸ்பிரின்ட்டின் வழியில் வந்தது. கான்பூரின் எல்எம்எல் 1980-களில் பியாஜியோவோடு கூட்டுச் சேர்ந்து பிஎக்ஸ் வகையைச் செய்தது. அதனால் பிஎக்ஸுக்கு எல்எம்எல் பாகமும், பழைய ஸ்பிரின்ட்டுக்கு சேத்தக் பாகமும் முதலில் தேட வேண்டிய இடம்.

கேபிள், ரப்பர், பிரேக் ஷூ, ஆயில் சீல் போன்றவற்றில் தகராறு குறைவு. கியர், கிராங்க், கிளட்ச் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போய்ப் பல்லை எண்ணி, ஷாஃப்ட்டின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். எல்எம்எல்லின் பிந்தைய இன்ஜின்களில் ரோட்டரி வால்வுக்குப் பதில், மெல்லிய தகடு திறந்து மூடும் ரீட் வால்வு இருக்கும். அதன் கேஸும் கிராங்கும் தனி ஜாதி.

ஆயில் எவ்வளவு, எப்படிக் கலக்க வேண்டும்?

ரோட்டரி வால்வு வண்டிக்கு 2 சதவீதம்: லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான) ஆயில், 5 லிட்டருக்கு 100 மில்லி. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு, 150 ஜிஎஸ் உட்பட, 5 சதவீதம்: லிட்டருக்கு 50 மில்லி. ஆயிலை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் பிடியுங்கள். பம்பின் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். பெட்ரோல் போட்ட பிறகு ஆயில் ஊற்றினால் அது அடியில் போய்த் தங்கும். டேங்க்கிலிருந்து பெட்ரோலை விடும் ‘காக்’ என்ற திருகைத் திறந்ததும் கார்பரேட்டருக்குப் போவது முக்கால்வாசி ஆயில்தான். கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும்.

நல்லது என்று ஆயிலைக் கூட்டிக் கலப்பவர்கள் உண்டு. கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், சைலன்சரும் அடைக்கும்.

நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே இறங்காதீர்கள். பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்துவிட்டால் பிஸ்டன் காயாது.

ரோட்டரி வால்வு என்பது என்ன? அதில் என்ன கெடும்?

தனியாக ஒரு வால்வு கிடையாது. கிராங்கின் ஒரு பக்கத் தட்டே, கேஸில் உள்ள துளையை மூடியும் திறந்தும் வால்வு வேலையைச் செய்கிறது. தட்டுக்கும் கேஸில் உள்ள திண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் மணல் உள்ளே போய் அந்தத் திண்டில் கோடு கிழிக்கும். அப்புறம் பெட்ரோல் கார்பரேட்டர் வழியே திரும்பிக் கக்கும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங் நிற்காது. கார்பரேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கோடு இருந்தால் கேஸ் தேறாது. சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள், வேலை நிற்பது அரிது. ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் பிக்கப் வரும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

புகை அதிகம், அல்லது ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் கத்துகிறது. காரணம்?

இரண்டும் கிராங்க் ஆயில் சீல் வேலை. எந்தப் பக்கத்து சீல் என்பதில்தான் வித்தியாசம்.

கிளட்ச் பக்க சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். சூடான பிறகும் வெண்புகை அடங்காது, பிளக் ஈரமாகவே இருக்கும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். சில நேரம் எதிர்ப்பக்கம் நடக்கும்: பெட்ரோல் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மேக்னட் (கிராங்கின் மறுமுனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவை மெலிந்து, சூடு ஏறி, ஐடிலிங் தானாக உயரும். அதோடு ஓட்டினால் கடைசியில் பிஸ்டன் ஜாம்தான். சீலைக் குற்றம் சொல்வதற்கு முன் கார்பரேட்டரைப் பிடிக்கும் இரண்டு நீள போல்ட்டையும், அடியில் உள்ள பேக்கிங்கையும் பாருங்கள். வெறி பிடித்து முறுக்கினால் கார்பரேட்டர் அடி வளைந்து அங்கேயும் காற்று இழுக்கும்.

சிலிண்டர் மேல் இருக்கும் தகர உறை இல்லாமல் ஓடும் வண்டிகளையும் பார்க்கலாம். மேக்னட்டில் இருக்கும் ஃபேன் காற்றைச் சிலிண்டரைச் சுற்றித் திருப்புவதே அந்த உறைதான். அது இல்லாவிட்டால் காற்று வீணாக வெளியே போகும்.

கியர் ஆயில் எது, எவ்வளவு?

லார்ஜ் ஃபிரேமுக்கு எஸ்ஏஇ 30, 250 மில்லி. இன்ஜின் சூடாக இருக்கும்போது அடி போல்ட்டைத் திறந்து வடியுங்கள். வண்டியை நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, கேஸின் பக்கத்தில் உள்ள லெவல் ஸ்க்ரூ வழியே ஊற்றி, வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். லாரிக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயில் வேண்டாம். கிளட்ச் பிளேட்டும் இதே ஆயிலில்தான் நனைகிறது. கெட்டியான ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு, கிளட்ச் பிடித்தாலும் வண்டி நகரும். வழுக்கும் தன்மை கூட்டிய கார் ஆயிலில் கிளட்ச் சறுக்கும்.

கியர் போட்டால் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

முதலில் கேபிள். கியருக்கு இரண்டு கேபிள், ஒன்று இழுக்க, ஒன்று விட. இரண்டிலும் தொய்வு இருந்தால் ஹேண்டிலில் 2 என்று காட்டும், உள்ளே பாதிதான் ஏறியிருக்கும். செலக்டர் பெட்டிப் பக்கம் (கியர் பாக்ஸில் கேபிள் சேரும் இடம்) சரிசெய்து, ஹேண்டிலில் சின்ன ஆட்டம் மட்டும் விட்டுவைக்கவும்.

அதிலும் தீரவில்லை என்றால் கியர் கிராஸ். நான்கு கைகள் உள்ள இந்தத் துண்டு, உள்ளே பொள்ளலான ஷாஃப்ட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து ஒவ்வொரு கியருக்குள்ளும் நுழைந்து பிடிக்கும். அதன் கைகளின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டுபோனால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கியர் அதை வெளியே தள்ளிவிடும். மாற்ற வேண்டுமானால் இன்ஜினை இறக்கி கேஸைப் பிளக்கத்தான் வேண்டும். அப்படிப் பிளந்த பிறகு ஆயில் சீல், பேரிங், கிக்கர் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்; கிராஸ் மட்டும் மாற்றி மூடினால் ஆறு மாதத்தில் மறுபடி கூலி.

பஞ்சர் ஆனால் வழிமுறை என்ன?

சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் ஐந்து நட்டுகளை 13 ஸ்பேனரால் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. ஆபத்து அதற்குப் பிறகுதான். ரிம் இரண்டு பாதியாக இருக்கும், அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது வேறு நட்டுகள். டியூபில் காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு எகிறும். வால்வு ஊசியை எடுத்து, காற்று முழுக்க வெளியேறியதை டயரை அழுத்திப் பார்த்து, அப்புறம் தொடுங்கள்.

மாட்டும்போது டியூபில் லேசாகக் காற்று வைத்து, டியூப் பவுடர் தூவி, டயருக்குள் நுழைத்துப் பாதிகளைச் சேருங்கள். டியூப் பாதிகளுக்கு நடுவில் சிக்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். 10 அங்குல பிஎக்ஸுக்குக் காற்று முன்னால் 18 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 25, ஆள் ஏற்றினால் 36.

பின் டிரம்மின் நடு நட்டையும் அப்போதே பாருங்கள். அதில் பூட்டு ஊசி இல்லாமலோ, நட்டு தளர்ந்தோ இருந்தால் டிரம்மின் உள்பல் ஷாஃப்ட்டில் தேய்ந்து உருண்டுவிடும். ஒருநாள் கிளட்ச் விட்டால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது.

ஸ்பார்க் விட்டு விட்டு வருகிறது.

பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனை) வைத்த வண்டியில் பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. வைத்துப் பாருங்கள்; அதிலும் சரியாகாவிட்டால் கண்டென்சர். எலெக்ட்ரானிக் பிஎக்ஸில் பலர் முதலில் சிடிஐ பெட்டியை (எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி) வாங்கி ஏமாறுகிறார்கள். மேக்னட்டுக்கு உள்ளே இருக்கும் ஒயர்களின் உறை சூட்டில் காய்ந்து உதிர்வதே பழக்கமான காரணம். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் அங்கேதான் சந்தேகம். இழுப்பானால் மேக்னட்டைக் கழற்றி ஒயரை வளைத்துப் பாருங்கள். பிளவுபட்டால் சூடு தாங்கும் ஒயராக மாற்றி சால்டர் செய்யலாம்.

பழைய வண்டி வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். ஃபுட்போர்டின் அடியில் ஓடும் குறுக்குத் தாங்கிகள், ஸ்டாண்ட் பிடிக்கும் துளைகள், பிரேக் பெடல் சுற்றுப்புறம் ஆகியவை முதலில் அரிக்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பு முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். ஹேண்டிலுக்குக் கீழே லெக் ஷீல்டில் அலை மாதிரி நெளிவு இருந்தாலோ, முன் மட்கார்டு உடம்போடு மிக நெருங்கியிருந்தாலோ முன்னால் அடி வாங்கிய வண்டி. நல்ல டிங்கர் வெளியே மறைத்துவிடுவார். வண்டியை ஓட்டச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்று தெரியும்.

இத்தாலிய வண்டியில் எண்ணையும் சரிபாருங்கள். ஃபிரேம் எண்ணின் முன்னொட்டு ‘டி’ எழுத்தில் முடியும், இன்ஜினுடையது ‘எம்’ எழுத்தில். பிஎக்ஸ் 150-ல் உடம்பில் விஎல்எக்ஸ்1டி என்றும், இன்ஜினில் விஎல்எக்ஸ்1எம் என்றும் இருக்கும். முன்னொட்டு பொருந்தாவிட்டால் வேறு வண்டியின் இன்ஜின் ஏறியிருக்கிறது. விலை பேசும்போது அதைச் சொல்லலாம்.

லாம்ப்ரெட்டாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1947-ல் மிலானின் இன்னொசென்டி கொண்டுவந்த லாம்ப்ரெட்டாவில் குழாய் ஃபிரேம். தகடு அதன் மேல் போர்த்தியது. இன்ஜின் நடுக்கோட்டில் இருப்பதால் எடை சமமாக இருக்கும், வளைவில் நிதானமாகப் போகும். லக்னோவின் விஜய் சூப்பர் அந்த வம்சம். துருவுக்கு லாம்ப்ரெட்டாவே தாங்கும். பாகம் கிடைப்பதில் வெஸ்பா வசதி.

இப்போதைய வெஸ்பாவில் பழையது ஏதாவது மிச்சம் உண்டா?

1996-ன் இடி4-லிருந்து ஃபோர்-ஸ்ட்ரோக், பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக். கைக்கியர் போய்விட்டது. தகட்டு உடம்பும் ஒற்றைப் பக்க முன் சஸ்பென்ஷனும் இன்னும் அப்படியே.

ஆறு மாதம் நின்ற வண்டியை எப்படி எழுப்புவது?

உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுப் புதுக் கலவை ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு டீஸ்பூன் டூ-டி ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நான்கைந்து முறை அழுத்துங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் பைப் சேரும் இடத்தில் சின்ன வலை ஃபில்டர் இருக்கும், கழற்றி ஊதுங்கள். ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை) கம்பியால் குத்த வேண்டாம், காற்று போதும்.

கிக்கர் கல்லாக இருந்தால், காக் திறந்தே கிடந்து கிராங்க் கேஸ் முழுக்கப் பெட்ரோல் இறங்கியிருக்கலாம். காக்கை மூடி, பிளக் இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பத்து முறை மிதித்தால் வெளியே கக்கிவிடும். பிளக் கேப்பைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், பொறி பட்டால் பற்றும். பிறகு காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இழுத்து, ஆக்சிலேட்டர் தொடாமல் மிதியுங்கள். ஓடியதும் முதல் ஐந்து நிமிடம் நீலப்புகை வரும். அது நீங்கள் ஊற்றிய ஆயில். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் கிளட்ச் பக்க சீலைப் பாருங்கள்.